வெட்கத்தை விடுவோம், துணையாக நிற்போம்: பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பற்றிய ஒரு பாடம்

நோய்களுக்குள்ளும் மேல்சாதி, கீழ்சாதி உண்டு போலும். இருதய வருத்தம் வந்தவர் அதைச் சபையிலே சொல்வார். சீனி வருத்தம் வந்தவர் கலியாண வீட்டில் பலகாரத் தட்டைத் தள்ளிவைத்து, அதற்கான காரணத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். ஆனால் மலம் கழிக்கும் இடத்தில் ஒரு வருத்தம் என்றால் வாய் அடைத்துப் போகிறது. மனைவிக்குச் சொல்லக் கூச்சம்; மகனுக்குச் சொல்லக் கூச்சம்; வைத்தியருக்குச் சொல்லவும் கூச்சம். "மூலச் சூடு" என்று நாமே ஒரு பெயரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் கடத்துகிறோம். அந்தக் காலத்தில் உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

இந்தப் பாடம் அந்தக் கூச்சத்தைப் பற்றியது. பெருங்குடலில் அல்லது மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒருவருக்கு இரண்டு துணைகள் தேவை. ஒன்று, தன் நிலையைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு. மற்றது, பக்கத்தில் நிற்கும் மனிதர்கள். இவை இரண்டும் சத்திரசிகிச்சைக்குப் பதிலாக நிற்பவை அல்ல. ஆனால் அவர் உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேரவும், போனவர் எழுந்து நடக்கவும் இவை உதவுகின்றன.

வழமைபோல நோக்குவோம், ஆராய்வோம், செயற்படுவோம் என்ற மூன்று படிகளில் இதைப் படிப்போம்.

1. நோக்குவோம்

இடப்பெயர்வு என்றால் என்னவென்று லக்கல மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மொரகஹகந்த - களு கங்கை அபிவிருத்தித் திட்டத்துக்காகப் பழைய பல்லேகம நகரும் சுற்றியிருந்த வயல்களும் வீடுகளும் தண்ணீருக்கு விடப்பட்டன. 2018ஆம் ஆண்டில் களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. 2019இல் புதிய லக்கல நகரம் திறந்து வைக்கப்பட்டது. வீதிகளும் கட்டடங்களும் புதிதாக வந்தன.

ஆனால் கணக்கெடுப்பில் வராத ஒரு சொத்து பழைய ஊரில் இருந்தது. ஒருவர் இரண்டு நாள் வயலுக்கு வராவிட்டால் அடுத்த வரப்பிலிருந்து குரல் வரும்: "என்ன அண்ணே, சுகமில்லையா?" அவர் மெலிந்தால் கடைக்காரர் கவனிப்பார். முகம் வெளுத்தால் மாமி ஒருத்தி கேட்பாள். இந்தக் கண்களுக்கு யாரும் நட்டஈடு தரவில்லை. புதிய குடியிருப்பில் பக்கத்து வளவுக்காரர் வேறு ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம். நாம் முன்பு எப்படி இருந்தோம் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே மாறிவிட்டோம் என்பதும் தெரியாது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் இந்த நோயைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இனி நோயைப் பார்ப்போம். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமானது. அதன் உட்சுவரில் சில வேளைகளில் சிறு மொட்டுகள் போலச் சதை வளரும. பெரும்பாலானவை தீங்கற்றவை. சில மட்டும் மெல்ல மெல்லப் புற்றாக மாறும். அதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை செல்லலாம். அதாவது, இந்த நோய் நமக்கு நீண்ட தவணை தருகிறது. மொட்டாக இருக்கும்போதே கண்டால் குழாய்க் கமரா மூலம் பார்க்கும் வேளையிலேயே அதை அகற்றிவிடலாம். புற்றாக மாறிய பின்னும், குடற்சுவரைத் தாண்டிப் பரவமுன் வெட்டியெடுத்தால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டால் நிலைமை கடினமாகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

- மலத்துடன் இரத்தம் போதல், அல்லது மலம் கறுத்துப் போதல்.
- வழமையான மலப்போக்கு மாறி, மூன்று வாரங்களுக்கு மேலாக வயிற்றோட்டமாகவோ மலச்சிக்கலாகவோ இருத்தல்.
- மலம் கழித்த பின்னும் முடியவில்லை என்ற உணர்வு.
- காரணமின்றி உடல் மெலிதல், களைப்பு, இரத்தச்சோகை.
- விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, வயிற்றில் தட்டுப்படும் கட்டி.

இவை இருந்தால் புற்றுநோய்தான் என்று எண்ண வேண்டாம். இரத்தம் போகும் பலருக்கு உண்மையிலேயே மூலவியாதிதான். ஆனால் மூலமா, வேறொன்றா என்பதை வீட்டுத் திண்ணையில் தீர்மானிக்க முடியாது. வைத்தியர் விரலால் சோதித்தும், தேவையானால் கமரா மூலம் பார்த்தும்தான் சொல்ல வேண்டும். 50 வயதைக் கடந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தவர்கள், புகைப்பவர்கள், மது அருந்துபவர்கள் கூடிய கவனம் எடுக்க வேண்டும். இளம் வயதினருக்கும் இது வருகிறது என்பதை மறக்கக்கூடாது.

2. ஆராய்வோம்

சிரித்துக்கொண்டு இந்நோயை எதிர்கொண்டவர்கள் உண்டா? உண்டு. அவர்களுள் ஒருவர் நம் அயல்நாட்டில் வாழ்ந்து மறைந்தவர்.

ஜே.பி.எஸ். ஹோல்டேன் 1892இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்தவர். உலகப் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர். 1957இல் தம் நாட்டை விட்டு இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் பணியாற்றினார், 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். பின்னர் ஒரிசாவின் புவனேசுவரத்தில் ஓர் ஆய்வுகூடத்தின் தலைவரானார். நெல்லையும் தென்னையையும் வயலிலும் தோட்டத்திலும் நின்று எண்ணிப் பார்த்து ஆராயும்படி இளைஞர்களை ஊக்குவித்தவர். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் கவனமாக எண்ணத் தெரிந்தால் அறிவியல் செய்யலாம் என்பது அவருடைய கொள்கை.

1963ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது அவருக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டது. இலண்டன் யூனிவர்சிற்றி கொலிஜ் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை நடந்தது. மலக்குடல் அகற்றப்பட்டு, வயிற்றில் வாய் வைத்து மலம் பைக்குள் சேரும்படி செய்யப்பட்டது.

வேறொருவர் என்றால் இதை மறைத்திருப்பார். அவரோ மருத்துவமனையிலிருந்தே இதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கவிதை எழுதினார். "புற்றுநோய் ஒரு வேடிக்கையான சங்கதி" என்று பொருள்படும் தலைப்புடன் 1964 பெப்ரவரி 21ஆம் திகதி நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழில் அது வெளியானது. இரத்தம் கண்டது, வைத்தியரிடம் போனது, சோதனை, சத்திரசிகிச்சை, பை என்று ஒன்றையும் விடாமல் நகைச்சுவையாகச் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு புத்திமதி இருந்தது: அறிகுறி கண்டவுடன் போங்கள், வெட்ட வேண்டும் என்றால் தாமதிக்காதீர்கள், மனம் தளராமல் இருந்து வைத்தியருக்குக் கைகொடுங்கள். 1964இல் "மலக்குடல்" என்ற சொல்லையே கண்ணியமான வீடுகளில் எவரும் உச்சரிப்பதில்லை. அதை ஒரு பெரிய அறிஞர் பகிரங்கமாகச் சிரித்துக்கொண்டு சொன்னது சிறிய காரியம் அல்ல.

அத்தோடு நிற்கவில்லை. பீ.பீ.சி. நிறுவனத்துக்காகத் தமது இரங்கலுரையைத் தாமே பதிவு செய்து கொடுத்தார். பின்பு புவனேசுவரம் திரும்பி, மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் இளம் ஆய்வாளர்களும் சூழ வேலையைத் தொடர்ந்தார். நோய் மீண்டும் வந்தது. 1964 டிசெம்பர் 1ஆம் திகதி காலமானார். அவருடைய விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் படிப்பதற்காக வழங்கப்பட்டது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அவர். ஆயினும் தம் துன்பத்தைப் பிறருக்குப் பயன்படுத்தியதில் நம்பிக்கையாளர் பலருக்கும் அவர் ஆசிரியர்.

ஹோல்டேனின் கதையில் சிரிப்பும் உண்டு, மரணமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிரிப்பு கட்டியைக் கரைக்காது. "மனதைச் சந்தோஷமாக வைத்திருந்தால் புற்றுநோய் மாறிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படியானால் சிரிப்பின் பயன் என்ன? அது வாயைத் திறக்கச் செய்கிறது. சிரித்துச் சொல்லக்கூடிய ஒன்றை வைத்தியரிடமும் சொல்லலாம், வீட்டிலும் சொல்லலாம். கேட்பவருக்கும் பயம் தெளிகிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் விலகி நின்றவர் கிட்ட வருகிறார்.

இதற்குக் கிட்டிய காலத்திலும் சான்று உண்டு. இங்கிலாந்தில் டெபோரா ஜேம்ஸ் என்ற பாடசாலை உப அதிபருக்கு 2016 டிசெம்பரில், 35 வயதில், பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் மலத்தின் உருவப் பொம்மை போல வேடமணிந்து, "மலத்தைப் பாருங்கள், வைத்தியரிடம் போங்கள்" என்று நாட்டு மக்களுக்குச் சொன்னார். சிகிச்சைக்கிடையே நடனமாடினார். அழுத நாட்களையும் மறைக்கவில்லை. 2022 ஜூன் 28ஆம் திகதி இறப்பதற்கு முன், அவர் ஆரம்பித்த நிதிக்குச் சில வாரங்களுக்குள் 60 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரையும் நினைவுகூரலாம். 1992 ஜூலை 12ஆம் திகதி ஞாயிறு நண்பகல் செபத்துக்குக் கூடியிருந்த மக்களிடம், தாம் அன்று மாலை மருத்துவமனைக்குப் போவதாக அவரே சொல்லி, அவர்களுடைய செபத்தைக் கேட்டார். மூன்று நாட்களின் பின் பெருங்குடலில் இருந்த பெரிய கட்டி அகற்றப்பட்டது. 1995 ஜனவரியில் அவர் காலிமுகத்திடலில் நின்றதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். ஜெமெல்லி மருத்துவமனைக்கு அடிக்கடி போக நேர்ந்ததால் அதற்கு "மூன்றாம் வத்திக்கான்" என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். ஆயிரக்கணக்கானோர் முன் திருத்தந்தை சொல்லக்கூடிய ஒன்றை நாம் நமது வீட்டாரிடம் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. சிரிப்பின் உறுதிப்பத்திரம் நோயாளியின் பெயரில் எழுதப்பட்டது. அவர் தன் நிலையைப் பற்றிப் பகிடி விட்டால் நாமும் சிரிக்கலாம். அவர் விடாதபோது நாம் விடுவது பகிடி அல்ல, புண்படுத்தல். சிரிக்க முடியாத நாட்கள் அவருக்கு வரும். அன்று மௌனமாகப் பக்கத்தில் இருப்பதே துணை.

3. சத்திரசிகிச்சை நாட்களில் நடப்பது என்ன?

தெரியாத ஒன்றுக்குத்தான் பயம் அதிகம். ஆகவே முன்கூட்டியே அறிந்துகொள்வோம்.

முதலில் இரத்தப் பரிசோதனை, கமராப் பரிசோதனை, சீ.ரீ. ஸ்கான் ஆகியவை நடக்கும். கமராப் பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்துத் தண்ணீர் தருவார்கள். அதைக் குடித்தவர் அன்று கழிப்பறையை விட்டுத் தூரம் போகக்கூடாது. வீட்டாரும் அன்று அந்த வாசலை அவருக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கேயே முதற் சிரிப்புத் தொடங்கலாம்.

சத்திரசிகிச்சையில், நோயுள்ள குடற்பகுதியையும் அதைச் சேர்ந்த நிணநீர்க் கணுக்களையும் வெட்டியெடுத்து, மீதி இரு முனைகளையும் இணைப்பார்கள். இணைப்பு ஆறுவதற்காகச் சிலருக்குச் சில மாதங்கள் வயிற்றில் வாய் வைத்துப் பை பொருத்துவார்கள். ஆசனவாய்க்கு மிகக் கிட்ட நோய் இருந்தால் அது நிரந்தரமாக இருக்கலாம். எந்த வகை என்பதை முன்பே கேட்டறியுங்கள். பை வைக்கும் இடத்தை முன்கூட்டியே அடையாளமிடுவார்கள். அப்போது சாரத்தை எங்கே கட்டுகிறீர்கள், வயலில் எப்படிக் குனிகிறீர்கள் என்று சொல்லுங்கள். கட்டும் இடத்தில் பை வந்தால் பின்னர் பெரிய தொல்லை.

குடலின் வாசல் இடம்மாற்றப்படுகிறது, அவ்வளவுதான். இடம்மாற்றம் நமக்குப் புதிதல்ல. இதற்குப் படிவம் நிரப்ப வேண்டியதில்லை என்பதே வித்தியாசம். புதிய இடத்தில் குடல் பழகவும் சில காலம் எடுக்கும். அந்த வாய் சிவந்து, ஈரமாக, நம் வாயின் உட்புறம் போல இருக்கும். அதைத் தொட்டால் வலிக்காது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்க வேண்டும். சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி உலர்த்த வேண்டும். வீட்டுக்கு வருமுன் நோயாளியும் வீட்டார் ஒருவரும் தாதியிடம் இதைச் செய்து பழக வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வைத்தியரின் முக்கியமான கேள்வி, "காற்றுப் பிரிந்ததா?" என்பது. குடல் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியதற்கு அது அடையாளம். ஊரிலே சபையில் பிரிந்தால் அவமானம். வாட்டிலே பிரிந்தால் வாழ்த்து. இந்தக் காற்றுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளிடையே பிறக்கும் நட்பு பெரியது. இயன்றளவு விரைவில் கட்டிலை விட்டு எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலித்தாலும் நடக்க வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் தையல் வலிக்கும். ஒரு சிறிய தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரியுங்கள்.

வீடு திரும்பியபின் வைத்தியர் அனுமதிக்கும்வரை நெல் மூடை தூக்குவதோ மண்வெட்டி பிடிப்பதோ ஆகாது. குறைந்தது ஆறு வாரங்கள். பலருக்கு அதைவிடக் கூடுதலான காலம் தேவை. அவசரப்பட்டால் தையல் போட்ட இடம் பிதுங்கும். சிலருக்கு மருந்தேற்றும் சிகிச்சையும் தேவைப்படும். அதை இடையில் நிறுத்தக்கூடாது.

4. செயற்படுவோம்

இனித் துணை நிற்பவர்களின் வேலை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் லக்கலையிலிருந்து இலுக்கும்புர, ரத்தோட்டை வழியாக மாத்தளைக்கும், அங்கிருந்து கண்டிக்கும் போய்வருவது இலவசம் அல்ல. போகும் நாளில் கூலி இல்லை. வயலுக்குத் தண்ணீர் திருப்ப ஆள் இல்லை. இரவில் பன்றிக்குக் காவல் இல்லை. பலர் கிளினிக்கைத் தவறவிடுவது பயத்தால் மட்டுமல்ல, இவற்றாலும்தான். ஆகவே அனுதாபம் மட்டும் போதாது, ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, கூடப் போகும் ஒருவர். அவர் கேள்விகளை எழுதிக்கொண்டு போகவும், பதில்களை எழுதிக்கொண்டு வரவும் வேண்டும். பயந்திருக்கும் நோயாளியின் காதில் பாதிதான் விழும்.

இரண்டாவது, வயல் வேலை. இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்று மாறிமாறி உழைக்கும் அத்தம் முறை நமது பழைய ஊர்களில் இருந்தது. அதைப் புதிய குடியிருப்பிலும் தொடங்க இதைவிட நல்ல காரணம் இல்லை. நோயாளி பெண் என்றால் அடுப்படிக்கும் பிள்ளைகளுக்கும் அத்தம் தேவை. அதை ஆண்களும் செய்யலாம்.

மூன்றாவது, மரண உதவிச் சங்கம். நமது கிராமங்களில் இது இல்லாத இடம் அரிது. ஒருவர் இறந்தால் கூடாரமும் கதிரையும் காசும் உடனே வருகின்றன. அதே மனிதர் உயிரோடு கண்டிக்குப் போக பஸ் காசுக்குத் திண்டாடும்போது சங்கம் கூடுவதில்லை. சந்தாவில் ஒரு சிறு பங்கை நோயாளரின் பயணச் செலவுக்கு ஒதுக்கத் தீர்மானம் எடுக்க முடியாதா? செத்தபின் கதிரை போடுகிறவர்கள், பிழைப்பதற்கு ஒரு கதிரைப் பயணத்துக்கு உதவலாம்.

நான்காவது, பார்க்கப் போகும் முறை. சிறிது நேரம் இருங்கள். இதே நோயில் இறந்த உறவினரின் கதையைச் சொல்லாதீர்கள். பையைக் காட்டும்படி கேட்காதீர்கள். மணம் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். "ஏதாவது உதவி தேவையா?" என்று கேட்பதைவிட, "வியாழக்கிழமை மாட்டை நான் பார்க்கிறேன்" என்று சொல்வது நல்லது.

ஐந்தாவது, முன்னரே இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் அயலில் இருந்தால், அவருடைய சம்மதத்துடன் இருவரையும் சந்திக்க வையுங்கள். பையுடன் வயலுக்குப் போய்வரும் ஒருவரை ஒரு தடவை கண்ணால் காண்பது, நாம் பத்து முறை சொல்லும் ஆறுதலைவிடப் பெரிது.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. நமது குடியிருப்பில் வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய்கள் எவை? அந்தக் கூச்சத்தால் யாருக்கு அதிக பாதிப்பு: ஆண்களுக்கா, பெண்களுக்கா?

2. பழைய ஊரில் நமது உடல்நிலையைக் கவனித்தவர்கள் யார்? இன்று அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?

3. ஹோல்டேன் தம் நோயைப் பகிரங்கமாகச் சொன்னதால் யாருக்கு நன்மை? அவர் மறைத்திருந்தால் யாருக்கு இழப்பு?

4. எந்தப் பகிடி நோயாளியைத் தேற்றுகிறது, எந்தப் பகிடி புண்படுத்துகிறது? உதாரணங்களுடன் பேசுங்கள்.

5. நமது மரண உதவிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் என்ன தீர்மானத்தை முன்வைக்கலாம்? யார் முன்மொழிவது?

இந்தப் பாடத்தை வாசித்து முடித்தவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மலத்தில் இரத்தம் கண்டும் பேசாதிருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வளவிலோ இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். இந்தக் கிழமைக்குள் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறித்து, கூடப் போகும் ஆளையும் இன்றே பேசி வையுங்கள்.